நல்ல காலுக்குக் கட்டு

உடை மாற்றும் அறையின் நீளப் பலகையில் கொக்கு இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுக்கார அக்கா அவள் முட்டியைச் சுற்றித் துணிப்பட்டையை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். யானைக்குக் கால் முறிந்தால்கூட அவ்வளவு பட்டை செலவாகாது. இத்தனைக்கும் அது நல்ல முட்டி. அதில் மோதினால் கருங்கல்லுக்குத்தான் வலிக்கும்.

"மெல்ல இழுக்கா. நல்ல காலையும் முடமாக்கிடுவ போலிருக்கு."

"சும்மா இருடி. பார்க்கிறவளுக்கு இந்தக் கால் இப்பவே கழண்டு விழப்போகுதுன்னு தோணணும்."

வலி முழுக்க வலது முட்டியில் இருந்தது. அதற்குக் கொஞ்சம் களிம்பு மட்டும், அதுவும் யாரும் பார்க்காதபோது. கோலடிக்கிறவளின் காலில் கட்டு தெரிந்தால் எதிரணித் தடுப்பாட்டக்காரிகள் அங்கேதான் உதைப்பார்கள். ஆகவே நோகாத காலில் கட்டு. யோசனை பயிற்சியாளருடையது. அதைச் சொன்ன அன்று அவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டதில் தோள்பட்டை பிசகிவிட்டது என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆட்டத்தில் கொக்கு வலது காலுக்கு ஓய்வு கொடுக்க, கோல் பக்கம் ஒற்றைக் காலில் நின்று தூங்குவது போல் இருப்பாள். பந்து வந்தால் போதும். கோல்காப்பாளர் கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் வலை கிழிந்து, பந்து பின்னாலிருக்கும் தெருவில் யார் வீட்டுச் சட்டியையாவது உடைத்திருக்கும். அதனால்தான் கொக்கு என்ற பெயர். அவளைப் பார்த்து ஊரில் பெண்பிள்ளைகளும் இடது முட்டியில் கிழிந்த சட்டைக்கை, தலையணை உறை என்று அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருத்தி ஜன்னல் திரையையே கட்டிக்கொண்டு வந்து படியில் உருண்டாள்.

அன்று அரையிறுதி. எதிரணியில் ஒருத்தி, கதவுக்குக் கால் முளைத்தது போல இருந்தவள், ஆட்டம் முழுக்க இடது முட்டியையே குறிவைத்து உதைத்தாள். இடது முட்டி வாங்கிக்கொண்டது. கடைசியில் பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. கொக்கு வலது காலை ஊன்றித் திரும்பினாள். முட்டிக்குள் பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பந்து வலைக்குள் போயிருந்தது. தோழிகள் ஓடிவந்து மேலே மேலே விழுந்து மலைபோல் குவிந்தார்கள். அடியில் அவள் அலறியதும் மேலே அவர்கள் கத்தியதும் ஒன்றாகவே கேட்டது.

கிளப் மேலாளரின் அறைச் சுவர் முழுவதும் கொக்கின் படம். அந்தரத்தில் பறக்கிறாள், இடது முட்டியில் வெள்ளைக் கட்டு.

"ஆட்டத்துல பட்ட அடின்னா ஆபரேஷன் எங்க பொறுப்பு," என்றார் மேலாளர். "ஆனா உன் வலது காலை யாரும் தொடவே இல்லையேம்மா. வலது முட்டி ரொம்ப நாளா நைஞ்சு போயிருந்துச்சுன்னு டாக்டர் சொல்றார். ஒரு நாளாவது எங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லியிருந்தா அடுத்த சீசனுக்கு எடுத்திருப்பீங்களா சார்?"

அவர் திரும்பிப் படத்தைக் காட்டினார். "ஊரே பார்த்தது இந்தக் காலைத்தான். இதுக்குன்னா சொல்லு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் போடறேன்."

"அது ஏமாத்துக் கட்டு சார்."

"யாரை ஏமாத்த?"

கொக்கு பயிற்சியாளரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க கோச்."

பயிற்சியாளர் பந்தைத் தொலைத்தவர் போலத் தரைவிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தமும் இந்த மாதம்தான் முடிகிறது. "நான் பொதுவா, காலைப் பத்திரமா பார்த்துக்கன்னுதான் சொல்லுவேன்..."

கதவோரம் நின்றிருந்த கட்டுக்கார அக்கா உள்ளே வந்தாள். "நான் சொல்றேன் சார். கட்டினது நான்தான்."

"ஓ." மேலாளர் பேனா மூடியைத் திறந்தார். "நோவு எந்தக் கால்லன்னு தெரிஞ்சேதான் கட்டினீங்களா? தெரிஞ்சும் கிளப்புக்குச் சொல்லலையா?"

அக்காவின் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் அடுப்பை எரித்தது. அது கொக்குக்குத் தெரியும். பலமுறை அந்த அடுப்பில் சாப்பிட்டிருக்கிறாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள். "இடதுலதான் வலின்னு அவங்ககிட்டயும் பொய் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன்."

"அப்போ எல்லார்கிட்டயும் பொய்."

"ஆமா சார்."

மேலாளர் பேனாவை மூடினார். "அப்புறம் நாங்க என்னம்மா பண்ண முடியும்? உடம்பைப் பார்த்துக்க."

வெளியே, தாழ்வாரத்தில் அக்கா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாவி, ஏண்டி அப்படிச் சொன்னே? நான்தான் சொல்லிட்டிருந்தேனே!"

"ரெண்டு பேரும் நொண்டினா யாரு யாரைத் தாங்கறது? போக்கா, உள்ள போ. தேடுவாங்க."

கொக்கு படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை மேலேயே வைத்து, கெட்ட காலை முதலில் இறக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். வாசலில் பெண்பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் இடது முட்டியிலும் கட்டு. கோல் அடித்தவளைக் கண்டதும் ஊர் ஓடுகள் பெயரும்படி கூச்சலிட்டார்கள்.

"அக்கா, ஆபரேஷன் முடிஞ்சு எப்ப ஆட வருவீங்க?"

கொக்கு அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

"ஏய், நடையைப் பாருங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். "கொக்கு நடை!"

அவ்வளவுதான். எல்லாரும் அவள் பின்னால் வரிசை கட்டி நொண்டத் தொடங்கினார்கள். கட்டுப் போட்டிருந்த இடது காலை இழுத்து இழுத்து, சிரித்துக்கொண்டே, தெரு முழுவதும். வலது காலை நொண்டியவள் ஒருத்திதான். அவள் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.