ஒற்றை முடிச்சு, இரட்டை முடிச்சு

மாதக்கணக்கில் இழைத்து ஒட்டிய விமானம் உப்புக் குவியலில் தலைகுப்புறக் குத்தி நின்றபோது தேவதாசனுக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன்.

1949ஆம் வருஷம். பகலில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் வயர்லெஸ் படித்தான் தேவதாசன். கூடப் படித்த இனிகோ, நல்லக்கண்ணு இருவரோடும், சொல்லிக்கொடுத்த அருமைநாயகம் சாரோடும் சேர்ந்து செய்த மாதிரி விமானம் அது. கைக்கு அடக்கமான ஒரு பெட்ரோல் எஞ்சின். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த சாமான்களைப் பிரித்துச் செய்த ரேடியோப் பெட்டி அதன் வயிற்றுக்குள். கீழே நிற்பவன் கையில் இரண்டு பொத்தான் வைத்த இன்னொரு பெட்டி. ஒரு பொத்தானை அழுத்தினால் சுக்கான் அசைந்து விமானம் திரும்பும். மற்றதை அழுத்தினால் வால்தட்டு அசைந்து மூக்கு தாழும்.

தூத்துக்குடியின் உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். அதனால் ரேடியோவைத் தனியாகக் கழற்றி, ஈரம் உறிஞ்ச நீற்றாத சுண்ணாம்புக் கல் போட்ட பிஸ்கட் டின்னில் அடைத்துக் கொண்டுபோய், உப்பளத்தில் வைத்துத்தான் மாட்டுவார்கள். சுக்கான் வயரின் பிளக்கும் வால்தட்டு வயரின் பிளக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மாறிவிடக் கூடாதென்று சுக்கான் வயரில் சிவப்புத் துணியும் மற்றதில் பச்சைத் துணியும் கட்டியவன் தேவதாசன்தான்.

"நான் திரும்பச் சொன்னா அது குப்புற விழுது," என்றான் பொத்தான் பெட்டிக்காரனான நல்லக்கண்ணு. "ஒரு துணி ஒழுங்கா கட்டத் தெரியல, இவன் வயர்லெஸ் படிக்கான்!"

தேவதாசன் உடைந்த வாலைப் பிரித்து வயரை நுனி முதல் அடி வரை தடவிப் பார்த்தான். சிவப்பு, சுக்கான் வயரில்தான் இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை பார்த்தான். பிறகுதான் பிளக்கை மாட்டிய இனிகோவிடம் கேட்டான்.

"சிவப்ப எந்த ஓட்டையில மாட்டுன?"

"இதென்னலே கேள்வி? சிவப்பு இடது, பச்ச வலது. லாஞ்சுல விளக்கு எப்படி இருக்கும்? எங்க திரேஸ்புரத்துல பச்சப்புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

இனிகோ மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துக்காரன்; துறைமுகத்தில் லாஞ்சு என்னும் மோட்டார் படகில் மெக்கானிக். ரேடியோவில் சுக்கானுக்கான ஓட்டை வலது பக்கம் இருந்தது; ஓட்டைகளில் நிறம் எதுவும் இல்லை. கட்டியவனும் தப்பாகக் கட்டவில்லை; மாட்டியவனும் அவனறிந்த வரையில் சரியாகத்தான் மாட்டினான். இரண்டு சரியும் சேர்ந்து விமானத்தை விழத்தட்டியிருந்தன.

அருமைநாயகம் சார் எஞ்சினைத் துடைத்தபடி சொன்னார். "இது இன்னொரு அடி தாங்காதுப்பா. றெக்கைய ஒட்டுங்க. வார சனிக்கிழம ஒரே ஒரு தடவ. அதுலயும் விழுந்தா எஞ்சினைக் கழத்திப் பூட்டிருவேன். பெறவு கரும்பலகையிலதான் பறக்கும்."

அந்த வாரம் முழுக்க தேவதாசனுக்கு அதே யோசனை. நிறம் வேண்டாம். காகிதத்தில் 'சு', 'வா' என்று எழுதி ஒட்டினான். கை வியர்வையில் மை கலங்கி இரண்டு எழுத்தும் ஒன்றாகிவிட்டன. கடைசியில்தான் புத்தி வேறு பக்கம் போனது. அடையாளத்தை எதற்காக ஒருவன் படித்துப் பொருள் சொல்ல வேண்டும்? ஜோடி சேர வேண்டியவை ஒன்றையொன்று கண்டுகொண்டால் போதாதா?

இனிகோவிடம் வலை பின்னும் நூல் வாங்கினான். சுக்கான் பிளக்கில் ஒற்றை முடிச்சு, அது போய்ச் சேரும் ஓட்டையின் பக்கத்திலும் ஒற்றை முடிச்சு. வால்தட்டுக்கு இரு முனையிலும் இரட்டை முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினான். பிசகவில்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை.

சனிக்கிழமை, காற்று எழும்புமுன் தருவைகுளம் போகும் வழியில் உள்ள உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள்.

"பாருலே, கண்ண மூடிட்டே மாட்டுதேன்," என்று சொல்லி அப்படியே மாட்டினான் இனிகோ.

"எஞ்சின் போடுமுன்ன ஒரு தடவ அழுத்திப் பாத்திரணும் சார்," என்றான் தேவதாசன்.

"பேட்டரி தீந்திரும்லே!" என்றான் நல்லக்கண்ணு.

"தீரட்டும். அழுத்து," என்றார் சார்.

நல்லக்கண்ணு திரும்பும் பொத்தானை அழுத்தினான். சுக்கான் அசையவில்லை. வால்தட்டு அசைந்தது.

"போச்சு!" நல்லக்கண்ணு தொடையைத் தட்டிச் சிரித்தான். "துணி போயி நூல் வந்துச்சு, நூலும் அம்புட்டுத்தான். அண்ணாச்சி, வேலையப் பாருங்க, இன்னைக்கும் இது பறக்காது!" வரப்பில் நின்றவர்களும் சிரித்தார்கள். சாரின் கை மெல்ல எஞ்சின் திருகாணிக்குப் போயிற்று.

தேவதாசனுக்கு வழக்கமான எண்ணம் வந்து நின்றது: நான்தான் தப்பு. விமானத்தின் வயிற்றுக்குள் விரலை விட்டான். ஒற்றையோடு ஒற்றை. இரட்டையோடு இரட்டை. மறுபடி தடவப் போன கையைச் சட்டென்று வெளியே எடுத்தான்.

"கழத்தாதீங்க சார். முடிச்சு சரியா இருக்கு. தப்பு இங்கன இல்ல, அங்கன." நல்லக்கண்ணுவின் கையிலிருந்த பெட்டியைக் காட்டினான். இவ்வளவு சத்தமாகப் பேச அவனுக்கு வருமென்று அவனுக்கே தெரியாது.

"என் பெட்டிக்கு என்ன கேடு? நேத்துதானே கழத்தி, பச்சையெல்லாம் சொரண்டி, பளபளன்னு..." நல்லக்கண்ணுவின் பேச்சு நின்றது.

"கழத்துனியா?" என்றான் இனிகோ. "எத எதுலலே திருப்பி மாட்டுன?"

பொத்தான் பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள்ளும் இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு வயர். அடையாளம் ஏதுமில்லை. தேவதாசன் இடம் மாற்றி மாட்டினான். சட்டைப் பையில் மிச்சமிருந்த நூலை எடுத்து அங்கேயும் ஒற்றை, இரட்டை என்று முடிச்சுப் போட்டான்.

"இப்ப அழுத்து."

சுக்கான் திரும்பியது. அடுத்த பொத்தானுக்கு வால்தட்டு அசைந்தது. சார் திருகாணியிலிருந்து கையை எடுத்து எஞ்சினைச் சுழற்றிவிட்டார்.

இனிகோ விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி விட்டெறிந்தான். அது தாழ்ந்து, உப்பைத் தொடப்போய், நிமிர்ந்து ஏறியது. கடல் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. "திருப்பு!" என்று கத்தினான் தேவதாசன். நல்லக்கண்ணு அழுத்தினான். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல் அது திரும்பியது. வெயிலில் இறக்கை பளிச்சிட, அவர்கள் தலைக்கு மேலாகச் சீறிக்கொண்டு வந்தது. வரப்பில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் அடங்கியதும், மூக்கைத் தாழ்த்தி வழுக்கி வந்து வெள்ளைத் தரையில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

இனிகோ தேவதாசனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓடினான். நல்லக்கண்ணு பின்னாலேயே மூச்சிரைக்க வந்தான்.

"ஏலே தாசு, நில்லுலே! அந்த நூல் இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"இன்னும் பெருசா ஒண்ணு செய்யணும்னு சார் சொல்லுதாரு. அதுல வயரு நாலாம்லே!"