காய்ச்சல் இல்லாதவர்களுக்குக் கட்டில் இல்லை

மனைவி இறந்தபின் என் மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. பள்ளியில் மட்டும். பள்ளி நர்ஸ் போன் செய்வார்.

"லேசாச் சுடுது சார். படுக்க வச்சிருக்கேன். பயப்படாதீங்க."

வீட்டுக்கு வந்தால் உடம்பு ஜில்லென்று இருக்கும். கண் மட்டும் வீங்கியிருக்கும்.

"உம் பொண்ணுக்குக் கணக்கு பீரியட்லதான் காய்ச்சல் வருமாய்யா?" என்றார் சூப்பர்வைசர். குளிர்பதனக் கிடங்கே சிரித்தது. அங்கே வெப்பமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை.

அடுத்த போன் வந்ததும் மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

சிறிய அறை. ஒரே கட்டில், சுற்றிப் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் மகள் தேம்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நர்ஸ் என்னைக் கதவோரமே நிறுத்தினார். என் கையில் இருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"காய்ச்சல் இருந்தாத்தான் கட்டில் தரணும்னு ஹெச்.எம். உத்தரவு சார். அதான் சுடுதுன்னு சொல்லிடறேன். கொஞ்ச நேரம் அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, தானாவே கிளாசுக்குப் போயிடுவா. நிஜமாவே காய்ச்சல்னு நம்பிட்டிருக்கா. சொல்லிடாதீங்க."

திரையை விலக்கினேன். தெர்மாமீட்டரை மகளின் அக்குளில் வைத்தேன். பீப் என்றது.

"பாரு. உனக்கு ஒண்ணும் இல்ல. நடிக்காம எந்திரி."

"நர்ஸ் மிஸ் தொட்டுப் பாத்தாங்கப்பா..."

"பொய் சொன்னாங்க."

மகள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் குனிந்து போர்வையை மடித்தார்.

"அம்மாவப் பறிகொடுத்த புள்ள சார்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கும்தான் பொண்டாட்டி செத்தா. எனக்கு யாரு கட்டில் போட்டாங்க?" என்றேன், மகளுக்கும் கேட்கும்படி.

அதன்பின் போன் வரவில்லை. "நல்ல டாக்டரைத்தான் புடிச்சிருக்க," என்றார் சூப்பர்வைசர். மகள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கணக்குப் போட்டாள். எங்கேயும் அழவில்லை. வகுப்பாசிரியை பாராட்டினார்.

இன்று காலை என்னால் எழ முடியவில்லை. மனைவியின் துணிகளை எடுத்துப்போக அவள் அக்கா வருவதாக இருந்தது. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். தோள் குலுங்கியது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

மகள் சீருடையில் வந்தாள். மேசை டிராயரைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். என் கையைத் தூக்கி அக்குளில் செருகினாள். பீப் வரும்வரை காத்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லப்பா. எந்திரி."

போர்வையை உருவி மடிக்கத் தொடங்கினாள்.