டானிக்கும் சாக்பீசும்

ஞாபக சக்தி வகுப்பு பலிக்குமா என்று என்னிடம் யாராவது வந்து கேட்டால், முதலில் செருப்பைத் தேடுவேன். என் வீட்டுக்காரர் மூக்கையா மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்புக்குப் போனார். பலித்ததா இல்லையா என்று சோதித்துப் பார்த்தவள் நான்தான்.

வேலம்பாளையத்தில் மணியன் முதலாளியின் பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், நான் தைத்து வருவதில் குறை பார்க்கிற செக்கிங். சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை முக்கி எடுக்கும் துணியும் ஒரு லாட். நிறம் ஒன்றுதான் என்றாலும் லாட்டுக்கு லாட் மயிரிழை மாறும். பனியனின் உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் ட்யூப்லைட்டில் தெரியாது, வெயிலுக்குக் கொண்டுபோனால் பல்லை இளிக்கும். எந்தத் துணி உருளை எந்த லாட் என்று மூக்கையா அதோடு வரும் சீட்டைப் பார்க்காமலே சொல்வார். இருபது வருசமாக அதுதான் அவருக்கு மரியாதை.

இரண்டாயிரத்து ஆறில், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மனுசன் தடுமாற ஆரம்பித்தார். காலையில் வெட்டியதை மத்தியானம் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இரண்டு தடவை லாட்டைக் கலக்கப் போனார். நல்லவேளை, மேசையிலேயே பார்த்துத் தடுத்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க மாஸ்டர், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கோணுங்க."

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று எகிறினார். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் யாரோ நோட்டீசை அவர் கையில் திணித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் வகுப்பு. நடத்துகிறவர் மயில்சாமி, தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டம் நினைவு வேந்தர். வகுப்போடு ஆளுக்கொரு பாட்டில் வல்லாரை டானிக்.

இருபது பொருள்களைக் கதையாகக் கோத்து மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். யானை சாவியை முழுங்கியது, சாவி தக்காளியைக் குத்தியது, தக்காளி குடைக்குள் உருண்டது. அன்று சாயங்காலம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒப்பித்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. சரி என்று அப்பளம் வாங்க அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார். எதற்குப் போனோம் என்பதே நினைவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு அரைமணி முன்னதாகவே கம்பெனிக்குப் போனேன். சீட்டைப் பார்த்து ஒவ்வொரு உருளையின் இரண்டு முனையிலும் லாட் நம்பரை சாக்பீசால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். ஸ்டோர்காரர்கள் எழுதியது என்று அவர் நினைத்துக்கொண்டார். நம்பரைப் பார்த்து வெட்டினார். இரண்டு மாதம் ஒரு பீஸ்கூடத் தப்பவில்லை.

எல்லாம் வகுப்பின் மகிமை என்றார்கள். மயில்சாமி அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். அதைப் பார்த்து மண்ணரையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டிலிருந்து மட்டும் ஆறு பேர் சேர்ந்தார்கள். "பாத்தியாடி பாண்டியம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டியே!" என்று மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல?

கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே பலித்திருக்குமோ? செக்கிங்காரி புத்தி, சோதிக்காமல் எதையும் பாஸ் பண்ணாது. ஒரு செவ்வாய்க்கிழமை சாக்பீசைத் தொடாமல் விட்டேன். கட்டிங் மேசைக்குப் போய் முதல் வெட்டைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கென்று ஷிப்மென்ட் அவசரம், என் மேசையை விட்டு எழுந்திருக்க விடவில்லை.

மறுநாள் மத்தியானம் தைத்து வந்த நீலப் பனியன் ஒன்றை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். அதற்குள் ஆயிரத்து நானூறு பீஸ் தைத்தாகிவிட்டது. ரிஜெக்ட் என்று எழுதியது என் கைதான், பாழாய்ப் போன கை.

முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. "உங்க மேல மரியாதை இருக்குதுங்க மாஸ்டர். நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

மயில்சாமியைத் தேடிப் போய்க் கேட்டேன். "டானிக்கை நடுவுல நிறுத்தியிருப்பாருங்கம்மா. மறுபடியும் மொதல்ல இருந்து சேரோணுங்க" என்றார். த்தூ என்று துப்பிவிட்டு வந்தேன். பிறகு ஒருவழியாக வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இத்தனை மாசமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உடைத்துச் சொல்லிவிட்டேன். "சாக்பீசுல நம்பர் போட்டது நான்தாங்க. அன்னிக்கு வேணும்னே போடாம விட்டேன்." அவர் கைலி முனையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பி நின்றார். வேலை போய்விட்டது என்றேன். "ஏன், நான் என்ன பண்ணேன்?" என்றார். மறுபடியும் சாக்பீஸ் கதையைச் சொன்னேன். முதல் தடவை கேட்கிற மாதிரியே மறுபடியும் அதே அழுகை. இப்படி நாலு நாள், நாலு தடவை. யானையும் சாவியும் தக்காளியும் மட்டும் இன்னும் வரிசை தப்பவில்லை.

ஐந்தாம் நாளும் சட்டையோடு நின்றார். "வகுப்புக்குப் போனேனே, டானிக் குடிச்சேனே, அப்புறம் எப்படிடி தப்பாச்சு?"

எனக்குத் தெம்பில்லை. "ரெண்டு நாள் டானிக் குடிக்க மறந்துட்டீக. அதனாலதான்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று முகம் தெளிந்தவராய்ப் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினார். நான்தான் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.