கூப்பிடும் முன்பே விழித்தவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆய்வகத்தில் பேச்சு. பொய்யில்லை. ஆனால் அன்று நான் கத்தியது சந்தோஷத்தில். சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

மருத்துவமனையின் மேல்மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட தனியறையில் ஐந்து மாதக் குழந்தை ஒருத்தி இருந்தாள். நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் டி செல்கள் அவள் ரத்தத்தில் குறைவு. இருப்பவையாவது வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான் அவளுடைய ரத்தம் கீழ்த்தளத்திலிருந்த எங்களிடம் வந்தது. வேலை செய்யவில்லை என்று நாங்கள் சொல்லிவிட்டால், மருந்து கொடுத்து அவளுடைய எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொருவருடையதை ஏற்ற வேண்டும். அத்தனை சின்ன உடம்பு அதைத் தாங்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சோதனை என்னவோ எளிதானதுதான். டி செல்லின் மேற்புறத்தில் ஏற்பி என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதத்தால் அதைத் தொட்டால், உள்ளே ஒரு நொதி ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நொதி வந்து உட்காரும். அது இன்னொன்றை எழுப்பும். பக்கத்திலிருக்கும் இரண்டாவது ஏற்பியும் தலையாட்டினால்தான் செல் முழுதாக விழித்துக்கொள்ளும். ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டு உடம்பு சண்டைக்குக் கிளம்பாது. எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கு கிடையாது.

என்னோடு வேலை பார்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சிக்கனம். குப்பியைக் கவிழ்த்துத் தட்டி, கடைசிச் சொட்டையும் வாங்கிவிட்டுத்தான் தூக்கிப் போடுவான். குழந்தையின் செல்களைப் பிரித்தது அவன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் ரத்தத்தைக் கொடுத்து, அதை நானே பிரித்தேன். என் செல்கள் என்னைப் போலவே, தொட்டதும் எகிறின. குழந்தையுடையவை குத்துக்கல் மாதிரி கிடந்தன.

டாக்டர் போனில் கூப்பிட்டார். "என்னம்மா, என்ன சொல்றீங்க? மஜ்ஜை குடுக்க ஆள் கெடச்சாச்சு. நீங்க சொன்னா திங்கக்கிழமை ஆரம்பிச்சுடுவேன்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் டாக்டர்."

சொல்ல மனசு வரவில்லை. திரையிலிருந்த படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். விழித்த செல்தான் தன் மேற்புறத்தில் ஓர் அடையாளப் புரதத்தைக் காட்டும். குழந்தையின் செல்களில் அந்த அடையாளம் இருந்தது. அதுவும் நாங்கள் ஆன்டிபாடியால் தொடுவதற்கு முன்பே எடுத்த படத்தில்! அதே படத்தில் ஏற்பியைத் தேடினால், பேருக்குத்தான் இருந்தது.

"ஏம்பா, குழந்தையோட செல்லை எப்படிப் பிரிச்சே?"

"காந்தத்துலதான்க்கா."

"அது எனக்கும் தெரியும். காந்த மணிய எந்த செல்லுல ஒட்டினே?"

அவன் தலையைச் சொறிந்தான். "வழக்கமா மத்த செல்லையெல்லாம் ஒட்டிப் பிடிச்சு ஒதுக்கிட்டு, மிச்சம் நிக்கிற டி செல்லை எடுப்போம். அதுல கொஞ்சம் சேதாரம் ஆகும். வந்த ரத்தமே ஒரு ஸ்பூன் இல்லக்கா. பத்தலன்னா பச்சப்புள்ளைக்கு மறுபடி ஊசி குத்துவாங்க. அதான் டி செல்லையே நேரா பிடிச்சுட்டேன்."

"டி செல்லுல எதைப் பிடிச்சே?"

"ஏற்பியத்தான்..." சொல்லும்போதே அவன் முகம் வெளிறியது. "ஐயோ!"

காலிங் பெல் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனவன், அந்தப் பெல்லையே பிடித்துத் தொங்கி வீட்டைத் தெருவுக்கு இழுத்து வந்த கதைதான். செல்கள் அப்போதே பாதி விழித்து, ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டன. அதற்கப்புறம் நாங்கள் தொட்டபோது, தொடுவதற்கு வெளியே எதுவும் மிச்சமில்லை. அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது.

"டேய்! முழிச்சிருக்குன்னா, தொட்டது அதுக்குத் தெரிஞ்சிருக்குடா! உள்ள இருக்கிற நொதியெல்லாம் வேலை செய்யுதுடா!"

இதுதான் பக்கத்து ஆய்வகம் வரை கேட்ட கத்தல்.

சிக்கனம் சிரிக்கவில்லை. "இப்போ மறுபடி குத்தணுமேக்கா."

"குத்தட்டும். மஜ்ஜைய அழிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவனே மாடிக்குப் போய், தப்பு தன்னுடையது என்று டாக்டரிடம் சொல்லி, திங்கட்கிழமையைத் தள்ளிப்போட வைத்தான். ரத்தக் குழாயோடு திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "ரொம்ப அழுதுச்சுக்கா," என்றான்.

இந்தத் தடவை இரண்டு ரத்தத்தையும் ஒரே முறையில், டி செல்லை யாரும் தொடாமல் பிரித்தோம். முதல் படத்தில் குழந்தையின் செல்கள் நல்ல தூக்கத்தில் இருந்தன. இரண்டு ஏற்பிகளையும் தொட்டோம். செல்களின் விழிப்பைக் காட்டும் கோடு திரையில் அசைந்தது, வலப்பக்கம் நகர்ந்தது, என் செல்களின் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் அழுதேன் என்று சிக்கனம் ஊரெல்லாம் தண்டோரா போடுகிறான். அழுதேன்தான், அதற்கென்ன?

அடுத்த வாரம் அந்தச் செல்கள் ஒன்று இரண்டாகிப் பெருகவும் செய்தன. ரத்தத்திலும் எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது, மஜ்ஜை மாற்றவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களையும் மேலே வரச் சொன்னார்.

அறைக்குள் தாய் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "இனிமே இது வேண்டாம்மா," என்று டாக்டர் அவளுடைய முகக்கவசத்தைக் காட்டினார். அவள் நம்பாமல் எங்களைப் பார்த்தாள். சிக்கனம் வேகமாகத் தலையாட்டினான். காதுக்குப் பின்னாலிருந்த நாடாவை மெதுவாக எடுத்தாள்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதற்கு அம்மா என்றால் இரண்டு கண்கள்தான். மூக்கும் வாயும் வைத்த இந்தப் பெண்ணை அது பார்த்ததேயில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வீறிட்டது.

"நான்தாண்டி கண்ணு. அம்மாதான். அம்மாவைத் தெரியலையா?" தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

குரலைக் கேட்டதும் அழுகை பாதியில் நின்றது. கண்ணையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, அம்மாவின் கீழுதட்டைக் கொத்தாகப் பிடித்து, வலிக்கிற மாதிரி இழுத்தது. அவள் விடுவித்துக்கொள்ளவே இல்லை.