இட்டு நிரப்பிய கட்டம்

என் மகள் பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பிறந்தாள். எடை இரண்டு கிலோ எழுநூறு. நீளம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அழுகை: உடனே, பலமாக. நர்ஸ் அம்மா சொல்லச் சொல்ல, மருத்துவமனை நடைபாதையில் நின்றபடியே எழுதிக்கொண்டேன். "முதல்ல குழந்தைய வாங்குங்க சார், அப்புறம் எழுதலாம், அது எங்கயும் ஓடிப் போகாது" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுத்தான் வாங்கினேன். கறுப்பாக, ஒல்லியாக இருந்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவே இல்லை. அன்றைக்கே அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்துவிட்டேன். பதிவேட்டில் இருக்கும் பெயரை அவள் அம்மா மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுவாள்.

குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் ஓட்டுவது என் வேலை. ஓட்டுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு அறைகள், ஆறு மானிகள். மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, நீளமான புத்தகத்தில் அறைக்கொரு கட்டமாக, பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் தின்னும் மீன் என் கையெழுத்தால்தான் கெடாமல் இருக்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். அந்தப் புத்தகங்களில் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மகளுக்கென்று வைத்தேன். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். சிரிப்பு, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, குரலுக்குத் திரும்புவது, உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"பச்சப் புள்ளைய மிஷின் மாதிரி ரீடிங் எடுக்கறீங்களே" என்று என் மனைவி சிரித்தாள். ஆனால் பெருமையாகத்தான் இருந்தாள். அவள் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். தன் சிநேகிதிகளிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாத நாளில்லை.

எங்கள் தொழிலில் இருக்கும் ஓர் அசிங்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மணிக்கு மணி யாரும் போய்ப் பார்ப்பதில்லை. டீ குடிப்போம், கதை பேசுவோம், ஒரு மணி நேரம் விட்டுப்போகும். விட்டுப்போன கட்டத்துக்கு மேலே என்ன எண், கீழே என்ன எண் என்று பார்த்து, நடுவில் பொருத்தமாக ஒன்றை எழுதிவிடுவோம். இதற்கு 'இட்டு நிரப்புவது' என்று பெயர். கட்டம் காலியாக இருந்தால் குற்றம். நிரம்பியிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முழு எண்ணாக எழுதக் கூடாது. பதினெட்டு என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கும், பதினேழு புள்ளி ஆறு என்று எழுதினால் பார்த்து எழுதிய மாதிரி இருக்கும். எங்கள் மேற்பார்வையாளர் காதில் பூச்சுற்றுவது எங்களுக்குக் கைவந்த கலை. பதினாறு வருடத்தில் நான் ஒருமுறைகூட மாட்டியதில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் மனைவி வேலைக்குத் திரும்பினாள். நான் விடிகாலை போய் மதியம் ஒரு மணிக்கு வருவேன். அவள் ஒன்றரைக்குக் கிளம்புவாள். குழந்தையை வாசலிலேயே கைமாற்றிக்கொள்வோம். காலையில் அம்மா, மதியத்துக்கு மேல் அப்பா. நான் வந்ததும் பால் கொடுத்து, பக்கத்தில் படுக்கப் போட்டு, அவளுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன்.

நாலாம் மாதக் கட்டம் இப்படி: பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாளா? இன்று பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் விழுந்த பல் மாதிரி இளிக்கிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லை. எப்படியும் கேட்கத்தானே செய்யும், நான் வீட்டுக்குள் நுழைந்தாலே திரும்பிப் பார்க்கிறாளே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பலகைத் தரை, நான் போடுவது கிடங்கு பூட்ஸ், நடந்தால் தொட்டில் வரைக்கும் அதிரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எழுதினேன்: 'வலது பக்கம் உடனே திரும்பினாள். இடது பக்கம் சற்றுத் தாமதம்.'

அந்தத் தாமதத்தை எதற்காகச் சேர்த்தேன்? பதினேழு புள்ளி ஆறு. அவ்வளவுதான். கை கூசவில்லை.

டாக்டர் அம்மா புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா எழுதற அப்பாவ நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. 'தாமதம்' என்பதைப் படித்துவிட்டு, இடது காதில் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு கொஞ்சம் இருக்கிறது, சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் கற்பனையில் எழுதிய தாமதத்துக்கு இரண்டு வாரம் மருந்து ஊற்றினோம்.

ஆறாம் மாதத்தில் ஒரு மதியம் மனைவி வேலைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, நான் கூப்பிட்டா இவ திரும்பறதே இல்ல."

"தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பா."

"நல்லா முழிச்சு விளையாடிட்டு இருக்கா. பேர் சொல்லிக் கூப்பிடறேன், கை தட்டறேன், ஒண்ணும் இல்ல. முன்னாடி போய் நின்னா மட்டும் சிரிக்கறா."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, நாலாம் மாதக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் வாய்க்குள் முணுமுணுத்தபடி இரண்டு முறை படித்தாள்.

"அப்ப உங்க குரலுக்குத் திரும்பறாளா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரை நிமிட வெட்கத்தோடு போயிருக்கும். நானோ, "கட்டெறும்பு அப்பா கட்சி. அதுக்கு நான் என்ன பண்ண?" என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"போதும் உங்க பீத்தல்" என்று அவளும் சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் விட்டுட்டு வேலைக்குப் போறேன்ல. அதான்."

அந்த 'அதான்' என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து சமையலை முடித்துவிட்டு, காலை முழுவதும் குழந்தை பக்கத்திலேயே இருந்தாள். கம்பெனியில் கெஞ்சி வாரத்துக்கு ஒரு நாள் லீவு வாங்கினாள், அதற்குச் சம்பளத்தையும் பிடித்தார்கள். குழந்தை ஆரம்பத்தில் எழுப்பிக்கொண்டிருந்த சின்னச் சின்னக் குரல்கள் நாளாக நாளாகக் குறைந்தன. 'அமைதியான சுபாவம்' என்று அதையும் ஒரு கட்டத்தில் எழுதினேன். பொய்யில்லை, கண்ணால் பார்த்ததுதான். பார்த்தும் புரியாதவனுக்குக் கண் எதற்கு?

பத்தாம் மாதத்தில் ஒருநாள் கம்ப்ரஸர் பழுதாகி என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தை கரண்டியால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி மனைவி மண்டியிட்டு உட்கார்ந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக, சத்தமாக, கொஞ்சலாக, அதட்டலாக. கடைசியில் கெஞ்சினாள். "அம்மா மேல கோவமா கண்ணு? ஒரே ஒரு தடவ திரும்பேன். அம்மா இனிமே லேட்டா வர மாட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பலகையில் பூட்ஸ் பட்டதும் குழந்தை சட்டென்று திரும்பி, என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினாள்.

"பாத்தீங்களா" என்றாள் மனைவி. "உங்க காலடிச் சத்தத்துக்கே திரும்பறா." எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சொல்லப் போனால், மனதுக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் ஜெயித்த மாதிரிகூட இருந்தது. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினாலு மாதம் ஆகியும் ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர் அம்மா காதுச் சோதனைக்கு அனுப்பினார். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். திரையில் கோடு எழும்ப வேண்டுமாம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கோடு எழும்பவே இல்லை. வாழ்நாளெல்லாம் மானி பார்த்தவன் நான். அதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் அம்மா முடிவைப் படித்துவிட்டு என் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டு காதுமே கேக்கல. ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குதும்மா. பொறந்ததுல இருந்தே கேக்கலேன்னா நாலாம் மாசம் திரும்பியிருக்க மாட்டா. அப்பா தெளிவா எழுதியிருக்கார். அப்ப கேட்டிருக்கு, நடுவுல எப்பவோ போயிருக்கு. காரணம் என்னன்னு தெரியணும். பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துதா?"

மனைவி யோசிக்கக்கூட இல்லை. "எட்டாம் மாசம் வந்துது டாக்டர். நெருப்பா சுட்டுது. எனக்கு லீவு கிடைக்கல. ஒரு நாள் பாத்துட்டு மறுநாள்தான் இங்க தூக்கிட்டு வந்தேன்." அவள் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். "அந்த ஒரு நாள்லயா டாக்டர் போச்சு?"

"சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்."

மனைவி மடியில் தூங்கும் குழந்தையின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள், இனிமேலாவது ஏதாவது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்கிறவள் போல.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எட்டாம் மாதக் காய்ச்சலை அவள் ஆயுசு முழுக்கச் சுமப்பாள், நான் ஒழுங்கான அப்பாவாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஒரு நொடி அப்படி நினைத்தேன். இல்லை, ஒரு நொடிக்கு மேலேயே நினைத்தேன்.

"அந்தக் கட்டம் நான் பாக்காம எழுதினது" என்றேன். "நாலாம் மாசம். நான் கூப்பிட்டே பாக்கல. சும்மா இட்டு நிரப்பினேன்."

"இடது பக்கம் தாமதம்னு..."

"அதுவும்தான் டாக்டர். நம்பற மாதிரி இருக்கட்டும்னு."

டாக்டர் அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கோப்பைப் பிரித்து, பழைய பக்கம் ஒன்றில் ஒரு வரியை நிதானமாக அடித்தார். "பத்து மாசம்" என்றார். "இந்த வயசுல பத்து மாசம் ரொம்பப் பெருசு. அப்பவே காது மிஷின் வச்சு, பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சு... சரி விடுங்க. இனிமே ஆக வேண்டியதப் பாப்போம்."

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரைத்தான் கேட்டாள். "அப்ப அந்தக் காய்ச்சலால இல்லையா?"

"இல்லம்மா. பொறக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கணும்."

"அப்ப அவளுக்கு என்மேல கோவம் இல்ல" என்றாள் மனைவி.

டாக்டர் அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பழசையெல்லாம் அடிச்சிடுங்க. உண்மையில கண்ணால பாத்தத மட்டும் மாசவாரியா எழுதிக் குடுங்க, பயிற்சி குடுக்கறவங்க கேப்பாங்க" என்று டாக்டர் எங்களை வெளியே உட்காரச் சொன்னார்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை விழித்துக்கொண்டு என் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள். புதுப் பக்கத்தைப் புரட்டி, மாதங்களை வரிசையாகப் போட்டேன். பேனா அதற்கு மேல் நகரவில்லை. அந்தப் பதினாலு மாதத்தில் நான் என்னதான் பார்த்தேன்?

"எழுதுங்க" என்றாள் மனைவி. எதிர்ச் சுவரைப் பார்த்தபடிதான் சொன்னாள். "நான் சொல்றேன்."

"நாலாம் மாசம். வேலைக்குப் போற மொத நாள், போய்ட்டு வரேன்னு கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பல. எழுதிட்டீங்களா?"

"ம்."

"அஞ்சாம் மாசம். காலைல குளிக்க வைக்கறப்ப பின்னால இருந்து கூப்பிட்டேன். திரும்பல. ஆறாம் மாசம். உங்ககிட்டச் சொன்னேனே, அதுக்கு முந்தின நாள், தட்டு கீழ விழுந்துது. நான் பயந்தேன். அவ பயப்படல. எழுதுங்க."

எழுதினேன். ஏழாம் மாதம், எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம். எந்தக் கிழமை, எந்த அறை, என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எல்லாம் அவளிடம் இருந்தது. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. எதற்கும் அவள் யோசித்து நிற்கவில்லை.

"பத்தாம் மாசம் கூப்பிட்டேன். திரும்பல. நீங்க வந்தீங்க, உங்க பக்கம் திரும்பினா. பதினோராம் மாசம் கூப்பிட்டேன். திரும்பல."

அங்கே நிறுத்தினாள். குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பன்னெண்டாம் மாசம்?" என்று கேட்டேன்.

"கூப்பிடல" என்றாள். "புடிக்காதவளக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்னு நிறுத்திட்டேன். அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.