இலை தின்னும் பொறிவண்டு

பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பூச்சிகளின் வாயையும் காலையும் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஊர் என்ன பெயர் வைத்தது? ‘பூச்சி மேடம்’. நேற்று வந்த ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தனின் பெண்டாட்டிக்கு? ‘பயிர் டாக்டர்’. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

இருவருக்கும் ஒரே வீடு, ஒரே வேளாண்மை அலுவலகம். மூத்தவளுக்கு அலுவலக மாடியில் பூச்சி ஆய்வகம். இளையவளுக்கு விரிவாக்கப் பணி. ஸ்கூட்டரில் வயல் வயலாகப் போய் விவசாயிகளிடம் பேசவேண்டும். பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று மூத்தவளுக்கு வயிறு எரியும். அந்தப் போனும் ஓயவே ஓயாது. தட்டில் கை வைத்தால் ஒருத்தர், குழந்தைக்குத் தலை வாரினால் இன்னொருத்தர். “சொல்லுங்கண்ணே” என்று அவள் ஆரம்பித்தால் மாமியார்கூட டிவி சத்தத்தைக் குறைப்பார். மூத்தவளின் போனுக்கு ரீசார்ஜ் முடிகிறது என்ற செய்தி மட்டும் தவறாமல் வரும்.

இந்த லட்சணத்தில் புதிதாகப் பயிர் மருத்துவ மையம் ஒன்று திறக்கப்போகிறார்கள். அதற்குத் தலைமை யார் என்பதை இணை இயக்குநர் வியாழக்கிழமை நேரில் வந்து, ஒன்றிரண்டு வயல்களையும் பார்த்துவிட்டு முடிவுசெய்வார். பட்டியலில் இருந்தது இரண்டே பேர். யார் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

திங்கட்கிழமை காலை மூத்தவளின் மேஜையில் மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே கத்தரி இலை, அதில் நாலைந்து புழுக்கள். மேலே இளையவளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘அக்கா, பொறிவண்டுப் புழு என்று நினைக்கிறேன். நன்மை செய்யும் பூச்சி, மருந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.’

மூத்தவள் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரு பார்வை போதுமாக இருந்தது. பயிர்ச் சாற்றை உறிஞ்சும் அசுவினியைப் பிடித்துத் தின்னும் பொறிவண்டின் புழு கருப்பாக, நீளக் காலோடு ஓடும். இதுவோ மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு, இலையின் பச்சையைச் சுரண்டிக்கொண்டு மந்தமாகக் கிடந்தது. இலையையே தின்கிற பொறிவண்டு. குடும்பம் ஒன்றுதான், குணம்தான் வேறு.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பயிர் டாக்டர் சறுக்கிவிட்டாள்.

பார்த்த அன்றே முடிவைப் போனில் சொல்லிவிடுவது ஆய்வக வழக்கம். ‘புழு லீவு போடாது’ என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு டப்பாவைக் குளிர்பெட்டியின் பின்தட்டில் தள்ளிவிட்டு, பதிவேட்டில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி இளையவள் கேட்டாள்.

“அக்கா, அந்தக் கத்தரி டப்பா பார்த்தீங்களா?”

“வேலை தலைக்கு மேல கிடக்கு. பார்க்கிறேன்.”

“சரிக்கா. முடிஞ்சா நாளைக்கு.”

அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவும் தெரியாதா இவளுக்கு? ஒரு வார்த்தை எரிந்து பேசியிருந்தால்கூட மூத்தவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவள் கை இரண்டு தடவை போனுக்குப் போனது. நட்டு இருபதே நாளான கன்றுகள். மூன்று நாளில் என்ன ஆகும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? ‘அவ உளறினதுக்கு நான் ஏன் ஓடணும்?’ என்று தன்னையே அதட்டி, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை இணை இயக்குநரோடு இருவரும் அந்தக் கத்தரி வயலுக்குப் போனார்கள். பாதிக் கன்றுகளில் இலை என்று சொல்ல நரம்புதான் மிச்சம். ஆனாலும் மூத்தவள் விடவில்லை. ஓர் இலையைக் கிள்ளி, கைலென்சை இணை இயக்குநரிடம் நீட்டினாள்.

“பாருங்க சார். இது நல்ல பொறிவண்டு இல்ல. இலையைத் திங்கறது. முள்ளைப் பார்த்தாலே தெரியும். மருந்து வேண்டாம்னு சொன்னது தப்பு. முட்டையையும் புழுவையும் அன்னைக்கே கையால பொறுக்கி நசுக்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்காது.”

இணை இயக்குநர் லென்சிலிருந்து தலையை எடுத்து, “பிரமாதம்” என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் பிரமாதம்.

வயலுக்குச் சொந்தக்காரம்மா இளையவளைத் தாண்டி மூத்தவளிடம் வந்தாள்.

“நீங்கதான் பூச்சி மேடமா? உங்க வார்த்தைக்குத்தான் மூணு நாளா காத்திருந்தோம். ‘எனக்கு நல்ல புழுவாத்தான் தெரியுது, ஆனா எங்க அக்கா பார்த்துச் சொன்னாத்தான் உறுதி, அதுவரைக்கும் எதுவும் செய்யாதீங்க’ன்னாங்க இவங்க.”

இணை இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார்.

“மூணு நாளா? டப்பா லேபுக்கு எப்ப வந்தது?”

இளையவள் மூத்தவளைப் பார்க்கவே இல்லை.

“இன்னைக்குக் காலையிலதான் சார் கொடுத்தேன். ஸ்கூட்டர் பெட்டியிலயே மறந்து வச்சுட்டேன். தப்பு என்னுதுதான்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மொத்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். மூத்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மையம் அவள் கையில். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே சமையலறையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. இவள் பெருந்தன்மையை உப்புப் போட்டுத் தின்றுகொண்டு ஆயுசெல்லாம் இருக்க வேண்டுமே. நினைக்கும்போதே உடம்பு பற்றி எரிந்தது.

“இல்ல சார்” என்றாள் மூத்தவள். “திங்கக்கிழமையே வந்தது. அன்னைக்கே பார்த்துட்டேன். வேணும்னுதான் சொல்லல.”

இணை இயக்குநர் லென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்பில் நடந்தார். சொந்தக்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு புழுப் பொறுக்கக் குனிந்தாள். இளையவள் மூத்தவளின் பக்கத்தில் வந்தாள்.

“ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டேனே.”

மூத்தவள் ஒரு கன்றின் முன்னால் உட்கார்ந்து முதல் புழுவை நசுக்கினாள்.

“நல்லவங்கற பேரும் உனக்கேதான் வேணுமா?”