ஒரு மூடித் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கிண்ணியாவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என்னிடம் படிக்காதவர்கள்.

அந்தக் கோபம் எட்டிப் பார்க்காத ஒரே இடம் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின் விறாந்தை. நாலாம் ஆண்டுப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து அதை எங்கள் விஞ்ஞான மூலை ஆக்கியிருந்தோம். பழுதான ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தம், கடற்கரையில் பொறுக்கிய பேத்தை மீன் முள், மழை அளக்கிற போத்தல், இரண்டு சிரட்டையைக் கட்டிச் செய்த தராசு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் குப்பைதான். அதிபர் அபூதாஹிருக்கும் அப்படித்தான். மண்டபத்தில் இருக்க ஆளில்லாமல் மிஞ்சிய கதிரைகளைப் போட அவருக்கு அந்த விறாந்தை வேண்டும்.

"இன்ஷாப் சேர், அடுத்த வியாழக்கிழமை வலயக் கல்வி ஒபிஸிலயிருந்து நிரோஜினி மிஸ் உங்கட சுற்றாடல் பாடத்தைப் பார்க்க வாறா. இந்தச் சாமான்களால புள்ளைகளுக்குப் பிரயோசனம் எண்டு அவ சொன்னா இருக்கட்டும். இல்லாட்டி அதுக்கடுத்த திங்கட்கிழமை கதிரை வந்து இறங்கும்" என்றார்.

கதிரைக்கு இருக்க இடம் தேடுகிற முதல் அதிபர் நீங்கள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. பெருநாள் முடிந்து நான் ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அடக்கிக்கொண்டேன்.

தோற்கவே தோற்காத ஒரு பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு யோகட் கோப்பைகளில் மண் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டிலை விட்ட ஒரு பயற்றங்கன்று. முதலாம் கோப்பைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர். அதற்குப் பொறுப்பு றிகாஸ். இரண்டாம் கோப்பையில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதி ஒட்டினேன்.

"இதுக்கு ஒருத்தரும் தண்ணி குடுக்கப்படாது. விளங்கினதா?"

"ஓம் சேர்" என்று இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கத்தினார்கள்.

வியாழனன்று ஒன்று பச்சையாக நிற்கும், மற்றது கருகிக் கிடக்கும். தாவரத்துக்கு நீர் தேவை என்று பிள்ளைகளே மிஸ்ஸிடம் சொல்வார்கள். கதிரைகள் மண்டபத்திலேயே கிடக்கும். இதுதான் என் கணக்கு. அந்த வாரம் திங்கள் முதல் புதன் வரை எனக்குத் திருகோணமலையில் பயிற்சி வகுப்பு. கவலையில்லாமல் போய் வந்தேன்.

வியாழக்கிழமை நிரோஜினி மிஸ் வந்தார். கதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு விறாந்தையில் நின்றார். அதிபர் அவருக்குப் பின்னால். நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி இரண்டு கோப்பைகளையும் தூக்கி மேசையில் வைத்தேன்.

முதலாம் கோப்பை சேறாகிக் கிடந்தது. கன்று மஞ்சளடித்து, தண்டு அழுகி மடிந்திருந்தது. இரண்டாம் கோப்பைக் கன்றோ புது இலையும் விட்டு நிமிர்ந்து நின்றது.

கடதாசியை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை.

"அப்ப தண்ணி விடாட்டித்தான் பயறு நல்லா வளரும் போல, என்ன சேர்?" என்றார் மிஸ். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதிபர் தொண்டையைச் செருமினார். எனக்கு அது கதிரை இழுக்கிற சத்தமாகவே கேட்டது.

"ஆரு இதுக்குத் தண்ணி ஊத்தின?"

என் குரல் எனக்கே பெரிதாக இருந்தது. றிஷானா மெல்லக் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. கண் இரண்டும் நிரம்பியிருந்தது.

"நான்தான் சேர். ஆனா பகல்ல குடுக்கல்ல."

"பகல்ல குடுக்கல்லயா?"

"அது நோன்புதானே சேர். பொழுது பட்டு மஹ்ரிபு பாங்கு சொன்னாப் பிறகுதான் குடுத்தனான். உம்மா நோன்பு திறக்கக்குள்ள நான் ஓடி வந்து போத்தல் மூடியால ஒரு மூடி ஊத்துவன். உம்மாட ஆறு நோன்பு ஞாயிற்றுக்கிழமையே முடிஞ்சிட்டு. இதுக்கு முடிஞ்செண்டு நீங்க சொல்லல்ல."

மிஸ் இப்போதும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு றிகாஸ் பக்கம் திரும்பினார். "நீங்கள் எவ்வளவு ஊத்தினீங்கள் தம்பி?"

"நாளைக்கு ஒரு கிளாஸ் மிஸ்" என்றான் அவன், அழாக்குறையாக. "வெள்ளிக்கிழமை மட்டும் மூணு கிளாஸ். சனி ஞாயிறு லீவுதானே."

நான் வாயைத் திறந்தேன். திட்டுவதற்குத்தான் திறந்தேன். ஆனால் அந்த இரண்டாம் கோப்பை என் கண் முன்னே இருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் சாகும் என்று வயல் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எதற்கு? அது அவர்களுக்கு எப்போதோ தெரியும். எவ்வளவு தண்ணீர் போதும் என்பது எனக்கே தெரியாது. இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே மூடியால் அளந்து ஊற்றியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"சரி புள்ளைகளே, ரெண்டையும் பார்த்து என்ன விளங்குது?"

றிகாஸ்தான் முதலில் சொன்னான். "தண்ணி கூடினாலும் செத்துப்போகும் சேர்."

"ஒரு மூடி காணும், கூட வேணாம்" என்றது இன்னொரு குரல்.

றிஷானா கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு மூடி ஊத்தினா இன்னும் பெரிசாகுமா சேர்?"

"தெரியாது மகள். செய்து பார்ப்பம்."

பதினேழு வருடத்தில் வகுப்பில் 'தெரியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மிஸ் கொப்பியை மூடிவிட்டு அதிபரிடம் சொன்னார்: "சேர், அந்தக் கதிரையளை இஞ்சயே அனுப்புங்கோ. பிள்ளையள் நிண்டுகொண்டெல்லோ பார்க்கினம்."

சொன்னபடி திங்கட்கிழமை கதிரைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை இருந்தது. இந்தமுறை நாலு கோப்பைகள். ஒரு மூடி, இரண்டு மூடி, மூன்று மூடி. நாலாவதில் பழையபடி 'தண்ணீர் இல்லை' என்று ஒட்டினேன். றிஷானா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லையே சேர்."

எழுதியதற்குக் கீழே 'புதன்கிழமை மஹ்ரிபு வரை' என்று சேர்த்து எழுதினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தாள்.

புதன்கிழமை எனக்குக் கடைசி நோன்பு. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் நிரம்பிய ஒரு போத்தல் மூடி. நாலாம் கோப்பைக் கன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. நான் சத்தம் போட முதலே றிகாஸ் குறுக்கே நின்றான்.

"எல்லாரும் ஊத்தினாச் செத்துப்போகும்! ஒராள்தான் ஊத்துற. றிஷானா, நீ ஊத்து."

பாங்கு கேட்டது. றிஷானா தன் மூடியை மெல்லச் சாய்த்தாள். மண் அதை அப்படியே குடித்தது. மற்றப் பத்துப் பேரும் கையிலிருந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். றிகாஸ் தன் மூடியை என் பக்கம் நீட்டினான்.

"சேர், நீங்களும் நோன்புதானே."

பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கிக் குடித்தேன். உடனே இன்னும் ஒன்பது மூடிகள் நீண்டன. செடிக்குத்தான் கூடாது. நான் ஒன்றும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.